ஸ்டீயரிங் சத்தத்துக்கு ஒன்றரை மாதச் சம்பளமா?

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. வாங்கிய கடனை எப்போதோ அடைத்துவிட்டேன். இரண்டு மாதமாக ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது அதிகம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, ரேக்கையே (ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அது என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். அவசரத்துக்கென்று ஐந்து மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. அதைத் தொட மனசு வரவில்லை. கிரெடிட் கார்டில் போடலாமா? இல்லை, இதை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுக்கலாமா? 5 வருடத்துக்கு, சம்பளத்தில் கால் பங்கு இஎம்ஐ வரும்.

பதில்: பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். எஸ்டிமேட் கொடுத்தவர் போனட்டைத் திறந்து பார்த்தாரா? நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு வரி இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போட்ட எஸ்டிமேட்டை வைத்துக் கடன் வாங்குவதா, காரை விற்பதா என்று முடிவெடுக்காதீர்கள்.

என் காரிலும் இதே உறுமல் வந்தது. ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு ஒப்பாமல் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆயில் தெளிவாக இல்லை, பொங்கின சோப்புத் தண்ணீர் மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸைத் தொட்டார். அதன் கிளிப் கை விரலுக்கே சுழன்றது. அந்த இடைவெளி வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. புது கிளிப் போட்டு, ஆயில் நிரப்பி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். சத்தம் நின்றுவிட்டது.

உங்களுக்கும் அதேதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம், குளிரில் அதிகமாகும் உறுமல், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் பெரும்பாலும் ஆயில் குறைவையோ, உள்ளே புகுந்த காற்றையோ, தேய்ந்த பம்பையோதான் காட்டும். வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுங்கள். இன்ஜின் வேகத்தோடு சத்தமும் ஏறினால் சந்தேகம் பம்ப் பக்கம் போகும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பியதும் கீச்சென்று கத்தினால் முதலில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள். (கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், பம்ப் சூடாகும்.) ஆயில் டப்பாவே இல்லை என்றால் உங்களுடையது எலக்ட்ரிக் ஸ்டீயரிங்காக இருக்கலாம், அதில் கணக்கே வேறு.

ரேக் மாற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கும் தடயம் இருக்கும். ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கிறதே, அதற்குள் ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் எஸ்டிமேட்டை நம்பலாம். அப்போதும் பழுது பார்த்துப் புதுப்பித்த ரேக் வாரண்டியோடு கிடைக்குமா என்று கேளுங்கள். புதியதைவிடக் குறைவாக முடியும்.

அதனால் நான் சொல்கிற முதல் செலவு சோதனைக் கூலி. வேறொரு மெக்கானிக்கிடம் போய், "பார்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு தருகிறேன், வேலையை அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். பார்ட்ஸ் விற்றால்தான் வருமானம் என்கிற நெருக்கடி அவருக்கு இருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். உறுமலோடு, மேடு பள்ளத்தில் "டக் டக்" என்று தட்டும் சத்தமோ, ஸ்டீயரிங்கில் ஆட்டமோ இருந்தால் டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் (சக்கரத்தை ஸ்டீயரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் இணைக்கும் மூட்டுகள்) இரண்டையும் உடனே பார்க்க வேண்டும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மெக்கானிக் அதை இடம் வலமாகவும் மேல் கீழாகவும் அசைத்துப் பார்ப்பார். இவை கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. சம்பளம் வரட்டும் என்று அந்த வண்டியை ஒரு வாரம்கூட ஓட்டாதீர்கள்.

சரி, இப்போது பணம். காரை விற்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். சம்பளத்தில் கால் பங்கு, 60 மாதம் என்றால் மொத்தம் 15 மாதச் சம்பளம். முன்பணமும் கூடுகிற இன்சூரன்சும் அதற்கு மேல். ஒன்றரை மாதச் செலவைத் தவிர்க்க 15 மாதச் சம்பளத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமா? சத்தத்தோடு விற்கப் போனால், வாங்குபவர் ரேக் செலவை முழுசாகக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார்.

கிரெடிட் கார்டும் வேண்டாம். பாக்கி வைத்தால் மாதம் 3 சதவீத வட்டி சின்னதாகத்தான் தெரியும். கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. கையில் சேமிப்பை வைத்துக்கொண்டு இந்த வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள்.

சேமிப்பைத் தொட மனசு வரவில்லை என்கிறீர்களே, அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. சேர்த்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் அதைச் சேர்த்ததே இப்படி ஒரு நாளுக்காகத்தான். ரேக்கையே மாற்ற நேர்ந்தாலும் மூன்றரை மாதச் சம்பளம் மிச்சமிருக்கும். எடுத்ததை மாதம் சம்பளத்தில் 15 சதவீதம் வீதம் 10 மாதத்தில் திரும்பப் போட்டுவிடலாம். நீங்கள் இஎம்ஐக்குத் தயாராக இருந்ததே 25 சதவீதத்துக்கு.

இந்த வாரமே சோதனையை முடியுங்கள். டை ராட் மாற்றினாலும் ரேக் மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டியிருக்கும், அதையும் சேர்த்தே எஸ்டிமேட் கேளுங்கள். எஸ்டிமேட்டில் வரும் தொகையை எனக்கு எழுதுங்கள், திரும்பச் சேர்க்கும் மாதக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.