ஜி-யும் எச்-சும் ஒட்டி வந்தால்: கேள்வி பதில்

நம்மூரில் ஜி.எச். என்றால் பெரியாஸ்பத்திரி. இங்கே பேசப்போவது ஆங்கிலச் சொற்களில் அடுத்தடுத்து வரும் அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி.

சார், என் மகள் ஆறாம் வகுப்பு. ‘நைட்’ என்று சொல்ல ஜி-எச் எதற்கு, வாயில் வராத எழுத்தைக் கையால் ஏன் எழுத வேண்டும் என்கிறாள்.

ஒரு காலத்தில் வாயிலும் வந்தது என்று சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் இரவு என்பது ‘நிஹ்ட்’. அந்த ‘ஹ்’ தொண்டையை உரசிக்கொண்டு வரும். ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை ‘நாஹ்ட்’, வெளிச்சத்தை ‘லிஹ்ட்’, மகளை ‘டாஹ்டர்’ என்கிறார்கள். ஆங்கிலத்தின் நைட், லைட், டாட்டர் மூன்றும் அதே குடும்பம். அந்த உரசலைக் காட்டத்தான் ஜி-எச் போட்டார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்குப் பிறகு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோனது, பேச்சு நிற்கவில்லை. உரசல் போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜி-எச் எங்கே ‘ஃப்’, எங்கே மௌனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘ஃப்’ ஒலிக்கும் சொற்கள் ஒரு கைப்பிடிதான். அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். லாஃப் (சிரிப்பு), காஃப் (இருமல்), டஃப் (கடினம்), ரஃப் (சொரசொரப்பு), இனஃப் (போதும்), ட்ராஃப் (மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி). பாம்பு சட்டை உரிப்பதைச் சொல்லும் ‘ஸ்லஃப்’பும் இதில் சேரும். அதே எழுத்துகளை ‘ஸ்லவ்’ என்று படித்தால் சேற்று நிலம்!

சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ‘க’ ஒலிதான். ஐ என்ற எழுத்துக்குப் பின்னால் வந்தால் மௌனம்: ஹை (உயரம்), சை (பெருமூச்சு), தை (தொடை), வெய் (எடை போடு), நெய்பர் (பக்கத்து வீட்டார்). அடுத்து ‘ட்’ வந்தாலும் பெரும்பாலும் மௌனம்: தாட் (எண்ணம்), ட்ரவுட் (வறட்சி). லாஃப்டரும், காற்றோட்டத்தைக் குறிக்கும் ட்ராஃப்ட்டும் இதற்கு விலக்கு. அமெரிக்கர்கள் ட்ராஃப்ட்டில் ஜி-எச்சை எடுத்துவிட்டு எஃப் போட்டுவிட்டார்கள். கலப்பையான ‘ப்ளவ்’விலும் டபிள்யூ போட்டு முடித்துவிட்டார்கள்.

ஓ-யூ-ஜி-எச் வரும் சொற்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது சார். ஒரு வழி சொல்லுங்கள்.

சுற்றத்தான் செய்யும். தோ (ஆனாலும்), த்ரூ (ஊடாக), பவ் (மரக்கிளை), பிரிட்டிஷ் உச்சரிப்பில் தரா (முழுமையாக), காஃப், ரஃப், தாட். ஏழு சொல், ஏழும் ஏழு விதம். பேசுகிற ஊருக்கு ஊர் அந்தப் பழைய உரசல் வேறு வேறு வழியில் போனதுதான் காரணம். சில இடங்களில் அப்படியே கரைந்தது, சில இடங்களில் உதட்டுக்கு வந்து ‘ஃப்’ ஆனது. இதற்குச் சூத்திரம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், வாக்கியத்தோடு வாய்விட்டுப் படியுங்கள். ‘டோ’ என்றால் பிசைந்த மாவு. சப்பாத்திக்குப் பிசையும்போதெல்லாம் அதன் எழுத்தைச் சொல்லிப் பாருங்கள், மறக்காது.

பேய்க்கு ‘கோஸ்ட்’. அதில் எச் எப்படி வந்தது? அதுவும் தொண்டை ஒலியா?

இல்லை, இது வேறு கதை. பழைய ஆங்கிலத்தில் அது ‘காஸ்ட்’, எச் கிடையாது. காக்ஸ்டன் பல காலம் ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி) பக்கம் இருந்தவர். அங்கே இந்தச் சொல்லை எச் போட்டு எழுதுவார்கள். அந்தப் பழக்கம் அவர் அச்சுக்கூடத்தோடு இங்கிலாந்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். ‘டிலைட்’ (மகிழ்ச்சி) இன்னும் வேடிக்கை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது ஜி-எச் இல்லவே இல்லை. ‘லைட்’டைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது.

நம் நாட்டுச் சொற்களும் இதில் உண்டாமே?

உண்டு. நெய்யைக் குறிக்கும் ‘கீ’, சிறு படகான ‘டிங்கி’, படித்துறைக்கும் மலைத்தொடருக்கும் வழங்கும் ‘காட்’ எல்லாம் வட இந்திய மொழிகளிலிருந்து போனவை. மேற்குத் தொடர்ச்சி மலையை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லால்தான் எழுதுகிறோம். பிணம் தின்னும் பேயான ‘கூல்’ அரபி. ஸ்பகெட்டியில் எச் வருவது இத்தாலியர் வழக்கம்: ஜி-க்குப் பின் ஈ, ஐ வந்தால் ‘ஜ’ ஆகிவிடும், அதைத் தடுக்கவே எச். இலங்கையின் பறங்கியரைக் குறிக்கும் ‘பர்கர்’ டச்சு மொழி வழியாக வந்தது. ஊறுகாய் வெள்ளரியான ‘கெர்கின்’ தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்காக விளைகிறது.

ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கலாமாம். பெர்னார்ட் ஷா சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்தது.

ஷா பெயரில் சுற்றுகிறது, ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே, 1855இல், ஒரு கடிதத்தில் இந்த விளையாட்டு இருக்கிறது. இனஃப்-இன் ‘ஃப்’, விமன்-இன் ‘இ’, நேஷன்-இன் ‘ஷ்’ என்று கூட்டுவார்கள். ரசிக்கலாம். ஆனால் மேலே சொன்ன விதியைப் பாருங்கள்: தொடக்கத்தில் ஜி-எச் ஒருநாளும் ‘ஃப்’ ஆகாது.

‘டாக்ஹவுஸ்’ சொல்லிலும் ஜி-எச் அடுத்தடுத்து வருகிறதே?

அது இரண்டு சொல் ஒட்டியது. பிரித்தே படியுங்கள். மூடுபனியில் கப்பல் ஊதும் ‘ஃபாக்ஹார்ன்’னும் அப்படித்தான்.

பிட்ஸ்பர்க் ஊர்ப் பெயரில் எச் உண்டா, இல்லையா?

பென்சில்வேனியாவில் இருப்பதற்கு உண்டு. 1891இல் அமெரிக்க அரசின் ஊர்ப்பெயர் வாரியம் எச்சை நீக்கியது. ஊர்க்காரர்கள் விடவில்லை, 1911இல் திரும்ப வாங்கிவிட்டார்கள். கான்சாஸ் மாநிலத்தில் அதே பெயரில் உள்ள ஊருக்குக் கிடையாது, முகவரி எழுதும்போது கவனம்.