பச்சைச் சிப்பியில் எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடுமா? பயமில்லாமல் சாப்பிட என்ன வழி?

சாகாது. நானும் பல வருடம் அப்படி நம்பி, தாராளமாகப் பிழிந்து சாப்பிட்டவன்தான். ஒருமுறை சாப்பிட்ட மறுநாள் காலையில் வயிறு பிடுங்கி, இரண்டு நாள் படுக்கையும் கழிப்பறையுமாகக் கிடந்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எலுமிச்சை, காரச் சாஸ், கூடவே குடிக்கும் மது எதுவுமே உதவாது. கிருமி மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சதைக்குள்ளேயே இருக்கிறது.

சிப்பி, மட்டி எல்லாம் தண்ணீரை வடிகட்டித்தான் இரை தேடுகின்றன. வளர்ந்த சிப்பி ஒன்று நல்ல சூழலில் ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல்கூட வடிகட்டும். தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடலில் சேரும். கழிவுநீர் கலந்த இடமென்றால் ஈ.கோலையும் நோரோ வைரஸும் வரும். ஆனால் விப்ரியோ அப்படியல்ல. அது கடலிலேயே இயல்பாக வாழும் பாக்டீரியா, தண்ணீர் சூடாகச் சூடாகப் பெருகும். அதனால் 'சுத்தமான கடல் சிப்பி' என்ற விளம்பரத்துக்கு நான் மயங்குவதில்லை. சுத்தமான நீர்த்தொட்டியில் சில நாள் விட்டு எடுப்பதும் ஈ.கோலையைக் குறைக்கும், விப்ரியோவிடம் அவ்வளவாகப் பலிக்காது. உறைய வைத்தாலும் எல்லாம் சாவதில்லை.

மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அதுவும் நடக்காது, கிருமி உள்ள சிப்பியும் அதே மணம், அதே ருசிதான். ஓடு திறந்திருந்து, தட்டினாலும் மூடாவிட்டால் உயிர் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள். ஆனால் மூடிக்கொண்டது என்பதற்காகக் கிருமியில்லை என்று அர்த்தமில்லை.

நம்பக்கூடியது சூடு ஒன்றுதான். கொதிக்கும் நீரில் போட்டு, ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் வேகவிடுங்கள். திறக்காததை ஒதுக்கிவிடுங்கள். அதுவரை 4 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் குளிராக வைத்திருக்க வேண்டும். வெப்பமான இடத்தில் விப்ரியோ பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். உயிருள்ள சிப்பியை உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், செத்துவிடும். அப்புறம், பச்சைச் சிப்பி வைத்த தட்டிலேயே வெந்ததையும் அள்ளி வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது!

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சிவப்பலை (நஞ்சுள்ள பாசி பெருகிக் கடல் நிறம் மாறுவது) எச்சரிக்கை உள்ள கடற்பகுதியில் எடுத்ததை வேகவைத்தும் சாப்பிடக் கூடாது. சிப்பிக்குள் சேர்வது பாசியின் நஞ்சு, சூட்டுக்கு அழியாது.

பச்சையாகத்தான் வேண்டும் என்றால், உயர் அழுத்த முறையில் பதப்படுத்தியதை வாங்கலாம். விப்ரியோ பெருமளவு குறையும், ஆபத்து முழுக்கப் போகாது. கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் அதையும் தொட வேண்டாம். எனக்கு வந்தது வயிற்றோடு போயிற்று. 'விப்ரியோ வல்னிஃபிகஸ்' என்ற வகை ரத்தத்திலும் கலக்கலாம், அந்தத் தொற்று வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் பிழைப்பதில்லை, சில சமயம் ஓரிரு நாளிலேயே. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது சிப்பி உடைத்தால் அந்த வழியாகவும் இது ஏறும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பிறகு காய்ச்சல், நடுக்கம், தோலில் கொப்புளம் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பச்சைச் சிப்பி சாப்பிட்டதை நீங்களாகவே சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றாது.