வீட்டு அலங்காரத்தில் என் ரசனை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் புது வீடு, போனில் சேமித்த படங்களோ ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்கிறீர்கள். படங்களை விடுங்கள், அதில் பாதி கேமராக்காரர் ரசனை. வீட்டில் நீங்களாகவே போய் உட்காரும் இடம் எது, எந்தப் பொருளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை என்று பாருங்கள். உங்கள் ரசனை அங்கேதான் இருக்கிறது.

பிறகு ஒரு நடை. பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த ஒயிட் டவுனில் உயரமான கூரை, மஞ்சள் சுவர், மரச்சட்ட ஜன்னல். கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் திண்ணை, மரத்தூண், முற்றம். மூன்றாவது ரசனையும் இங்கே உண்டு: ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களில் கட்டத் தொடங்கிய அரவிந்தர் ஆசிரம விடுதி கோல்கொண்டே. வெறும் கான்கிரீட், காற்று புகும் சாய்பலகைகள், தேக்கு. அலங்காரம் என்று ஒன்றுமே கிடையாது. அந்த வேலையில் இருந்த ஜார்ஜ் நகாஷிமா பிற்பாடு அமெரிக்காவில் பெயர்பெற்ற மரச்சாமான் கலைஞரானார். மூன்றில் எங்கே கால் தானாக நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கலந்து வந்தாலும் தப்பில்லை. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உப்புக்காற்று ரசனையைக் கேட்காது. இரும்புக்கால் மேசை துருப்பிடிக்கும், மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு ஓரம் ஊறி உப்பும். பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலி தாங்கும். பின்னல் தொய்ந்தால் பிரம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்முன் கவிழ்த்து, காலடியில் பூச்சித்துளை இருக்கிறதா பாருங்கள். சோபா செட்டைக் கடைசியில் வாங்குங்கள்.