யூனிட்டைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்: அப்பாவுக்கு பென்ஷன் கிடைக்குமா?

கேள்வி: என் அப்பா 1970-இல் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். 11 வருஷம் ஆன நிலையில் அவருடைய யூனிட்டைக் கலைத்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும் ரிசர்விலும் வைக்கவில்லை. கொஞ்சம் பணிக்கொடை வந்தது, அவ்வளவுதான். 15 வருஷம் முடிக்காதவருக்கு பென்ஷன் இல்லை என்கிறார்கள். இப்போது ஏதாவது செய்ய முடியுமா?
- வாசகர், சிவகங்கை

பதில்: முடியும். 15 வருஷக் கணக்கு சாதாரண சர்வீஸ் பென்ஷனுக்கு உரியது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 1961-ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய விதிகளில் 164-வது விதியை. ஆள்பலத்தைக் குறைப்பதற்காகவோ, மறுசீரமைப்பில் யூனிட் கலைக்கப்பட்டதாலோ, ரிசர்வுக்கு மாற்றப்படாமல் பெருமளவில் வெளியேற்றப்பட்டவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியமோ சிறப்புப் பணிக்கொடையோ வழங்கலாம் என்கிறது அது.

அதில் ‘குடியரசுத் தலைவரின் விருப்புரிமைப்படி’ என்று இருப்பதைக் காட்டி மறுப்பார்கள். அதற்காகப் பின்வாங்காதீர்கள். விருப்புரிமை இருந்தாலும் மனுவைப் பரிசீலித்து, காரணம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். கடற்படையிலும் இதே போன்ற விதி உண்டு. 1976-இல் அரசு ஃப்ளீட் ரிசர்வ் என்ற கடற்படை ரிசர்வ் முறையை நிறுத்தியதால் 10 வருஷப் பணியோடு வீட்டுக்குப் போன மாலுமிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டி.எஸ். தாஸ் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பு, ரிசர்வ் பென்ஷன் இல்லை, ஆனால் சிறப்பு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு என்றது. மனுவில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, இப்போது அப்பாவை விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். வெளியேற்றத்துக்கான காரணம் என்று ஒரு வரி இருக்கும். என்னிடம் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் கொண்டுவந்த புத்தகத்தில் அந்த வரி சரியாக மடிப்பில் விழுந்து மை மங்கியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தோம். வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. ஆள்குறைப்பு, யூனிட் கலைப்பு என்று இருந்தால் உங்கள் பக்கம் வலு. ‘சொந்த விருப்பத்தில்’ என்று இருந்தால் சிக்கல். அப்படியென்றால் எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், படித்துக் காட்டினார்களா, வேறு யூனிட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்களா என்றெல்லாம் அப்பாவிடம் நிதானமாகக் கேட்டு எழுதி வையுங்கள். கூட வந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் தேடிப் பிடியுங்கள். பெருமளவில் அனுப்பினார்கள் என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. புத்தகம் தொலைந்திருந்தால், அப்பாவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஆவணங்களின் நகல் கேளுங்கள்.

ஓய்வூதிய மனுவை அப்பா பெயரிலேயே ரெக்கார்ட் ஆபீசுக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மறுத்தால், அந்த உத்தரவிலிருந்து 6 மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிலே வராவிட்டால் 6 மாதம் பார்த்துவிட்டு, அடுத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

40 வருஷம் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்று தர்சேம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய 3 வருஷத்துக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அப்பாவுக்கு நஷ்டம்.

அப்புறம், ஆள்குறைப்பில் வெளியே வந்தவர் பென்ஷன் இல்லாவிட்டாலும் முன்னாள் படைவீரர்தான். 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத முன்னாள் சிப்பாய்களுக்கு மத்திய அரசின் மாதாந்திர வறுமை உதவித்தொகை இருக்கிறது. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இந்த வாரமே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.