விலங்குச் சோதனைக்கு அனுமதி: தாமதம் எங்கே பிறக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாய்க்கால் கரைகளில் தானே முளைக்கும் நீர்முள்ளியின் விதை சிறுநீரகக் கல்லுக்குப் பயன்படுமா என்பதை எலிகளில் ஆராய விரும்பி, கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்தேன். முதல் கூட்டத்தில் திருத்தங்கள் கேட்டார்கள். அடுத்த கூட்டம் உறுப்பினர்கள் வராததால் தள்ளிப்போனது. ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. விதை சேகரிக்கும் பருவமும் தவறிவிட்டது. இந்த நடைமுறையை விரைவுபடுத்த வழி இல்லையா ஐயா?
– ஆராய்ச்சி மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, அம்மா. கால்நடை மருத்துவன் என்ற முறையில் இத்தகைய குழு ஒன்றில் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். கூட்டத்தில் வீணாகும் காலத்தைவிட, கூட்டத்திற்கு வருமுன்பே விண்ணப்பத்தில் புதைந்து கிடக்கும் குறைகளால் வீணாகும் காலமே அதிகம் என்பதை அந்த அனுபவத்தில் கண்டேன்.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி அமைந்த மத்தியக் குழு, நாட்டில் நடக்கும் விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடுகிறது. அதன் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் 8 பேர் கொண்ட நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். ஐந்து பேர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் கால்நடை மருத்துவர். எஞ்சிய மூவர் மத்தியக் குழு வெளியிலிருந்து நியமிப்பவர்கள். அவர்களுள் ஒருவர் அறிவியல் துறையைச் சாராத சமூக அக்கறை கொண்டவர். அந்த மூவருள் மத்தியக் குழுவின் பிரதிநிதியாக இருப்பவர் வராமல் கூட்டம் நடத்த இயலாது. டெல்டாவில் உள்ள ஒரு கல்லூரிக்கு அவர் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வர வேண்டியிருந்தால், அவருடைய ஒரு நாள் அசௌகரியம் பத்து மாணவர்களின் மூன்று மாதங்களை விழுங்கிவிடுகிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே கூட்டத் தேதிகளை நிர்ணயித்து, மாற்றுப் பிரதிநிதிக்கும் அவற்றைத் தெரிவித்துவிடும் நிறுவனங்களில் இந்தச் சிக்கல் பாதியாகக் குறைந்துவிடும்.

விண்ணப்பத்தின் நிலைக்கு வருகிறேன். ஒரு கூட்டத்தில் என் முன் வைக்கப்பட்ட பி படிவத்தை, அதாவது அனுமதி கோரும் விண்ணப்பப் படிவத்தை, இன்றும் மறக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் 30 எலிகள் என்றிருந்தது. ஆறாம் பக்கத்து அட்டவணையைக் கூட்டினால் 36 வந்தது. எலிகளைப் பற்றிய அந்த விண்ணப்பத்தின் நடுவே, "முயலின் காதுச் சிரையிலிருந்து" என்று ஒரு வரி. மூத்த மாணவர் ஒருவரின் பழைய கோப்பிலிருந்து அப்படியே வந்திருந்தது. ஒவ்வோர் எலியிடமிருந்தும் வாரந்தோறும் 2 மில்லி இரத்தம் எடுப்பதாகவும் எழுதியிருந்தார்கள். 250 கிராம் எடையுள்ள எலியின் உடலில் ஓடுவதே சுமார் 16 மில்லி இரத்தம்தான். ஒரு முறையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது பொதுவான வரம்பு. இரண்டு வாரங்களுக்கு முன்பு யாராவது ஒருவர் அரை மணி நேரம் அந்த மாணவரோடு உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறைகள் இவை. மாறாக, எட்டுப் பேர் கூடி, ஒரு முழு முற்பகலைச் செலவிட்டு, திருப்பி அனுப்பினோம்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பதற்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரி வைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெறிமுறைக் குழுவிற்கும் அப்படியொரு தூர்வாரும் வேலை தேவை. அதாவது, கூட்டத்திற்கு முன்னரே குழுவின் கால்நடை மருத்துவரும் புள்ளியியல் அறிந்த ஆசிரியர் ஒருவரும் வரைவைப் படித்து, விண்ணப்பதாரரை நேரில் அழைத்துப் பேசித் திருத்தித் தர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். முடிவெடுக்கும் உரிமை முழுக் குழுவிடமே இருக்கும்.

உங்கள் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். குடிநீரில் 0.75 விழுக்காடு எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைக் கலந்து 28 நாட்கள் கொடுத்துக் கல் உருவாக்கும் வழக்கமான முறையை நீங்கள் பின்பற்றுவதாகக் கொள்கிறேன். நலமான எலிகளின் குழு, கல் உண்டான குழு, வழக்கமான மருந்து பெறும் குழு, நீர்முள்ளியின் இரண்டு அளவுகள் என்று ஐந்து குழுக்கள் அமையும். குழுவுக்கு ஆறு எலிகள் என்று எழுதுவது நம் கல்லூரிகளில் பழக்கமாகிவிட்டது. முந்தைய ஆய்வுகளின் சராசரியும் விலக்கமும் கிடைத்தால் அவற்றைக் கொண்டு எலிகளின் எண்ணிக்கையை முறையாகக் கணக்கிடுங்கள். அவை கிடைக்காதபோது, மொத்த எலிகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்து, விடை 10-க்கும் 20-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. 30-இல் 5 போனால் 25, வரம்பைத் தாண்டுகிறது. குழுவுக்கு ஐந்து எலிகள் என்றால் 25-இல் 5 போக 20, பொருந்துகிறது. இடையில் எலி இறக்கக்கூடும் என்று கருதினால் ஒன்றிரண்டு கூடுதலாகக் கேளுங்கள். ஆனால் காரணத்தை எழுதுங்கள். இந்தக் கணக்கு விண்ணப்பத்திலேயே இருந்துவிட்டால், கூட்டத்தில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கக்கூடும். பொங்கல் விடுமுறையில் நான்கு நாட்கள் கல்லூரி பூட்டியிருக்கும்போது அந்தப் புட்டிகளை நிரப்புவது யார், எலிகள் சோர்ந்து கிடந்தால் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது, உடல் எடை எவ்வளவு குறைந்தால் சோதனையை நிறுத்தி எலியின் உயிரை வலியின்றி முடித்துவைப்பீர்கள்? இவற்றை நான் எல்லா விண்ணப்பதாரரிடமும் கேட்டிருக்கிறேன். முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்தவர்கள் மிகச் சிலரே.

கேள்வி: விரைவு, விரைவு என்கிறார்கள். வாயில்லாச் சீவன்களின் உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் தாமதம் ஆவதே நல்லதல்லவா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவையாறு

பதில்: உங்கள் இரக்கத்தை வணங்குகிறேன், ஐயா. ஆனால் கோப்பு அலமாரியில் இருக்கும் காலத்தால் ஓர் எலிகூடக் காப்பாற்றப்படுவதில்லை. படிக்கும் காலமும் யோசிக்கும் காலமும்தான் காப்பாற்றுகின்றன. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் முன்வைத்த மூன்று கொள்கைகளை இன்றும் உலகம் ஏற்கிறது: இயலுமானால் விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். இந்த மூன்றையும் விவாதிக்கத்தான் எட்டுப் பேரின் நேரம் செலவாக வேண்டும். எழுத்துப் பிழைக்கும் கூட்டல் பிழைக்கும் அந்த நேரம் போய்விட்டால், வலி தரும் அறுவைச் சோதனை ஒன்று நாளின் கடைசி விண்ணப்பமாக வந்து, பசி நேரத்தில் பத்து நிமிடத்தில் நிறைவேறிவிடும். அதைக் கண்ணால் கண்டு வருந்தியவன் நான்.

வெளிநாட்டு நடைமுறைகளையும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆணை, முழுமையான விண்ணப்பத்திற்கு 40 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்றும், சிக்கலானவற்றிற்கு மேலும் 15 வேலை நாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுக்கிறது. அமெரிக்காவில் எல்லா உறுப்பினர்களுக்கும் விண்ணப்பத்தை அனுப்புகிறார்கள். ஒருவர்கூட முழுக் கூட்டம் கோராவிட்டால், நியமிக்கப்பட்ட உறுப்பினரே ஆராய்ந்து அனுமதிக்கலாம். ஆனால் நிராகரிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதற்கு முழுக் குழு கூடியாக வேண்டும். ஒரே ஒரு உறுப்பினரின் மனம் உறுத்தினாலும் முழுக் குழுவும் அமர்ந்து பேச வேண்டும் என்ற அந்தப் பாதுகாப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் விதிகளில் அப்படியே புகுத்த முடியாவிட்டாலும், துன்பம் குறைந்த ஆய்வுகளையும் கடுமையான ஆய்வுகளையும் தனித்தனியே பிரித்து, கடுமையானவற்றைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: எங்கள் உம்பளச்சேரி மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை கொடுத்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள், பிறகு குழு அனுமதிக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். தீவனம் வைக்க எதற்கு அனுமதி?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: தீவனம் வைப்பது உங்கள் உரிமை. ஆனால் ஆய்வுக்காக மாட்டின் கழுத்துச் சிரையில் பலமுறை ஊசி குத்தி இரத்தம் எடுப்பதும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில மாடுகளுக்குக் கலவையைக் கொடுக்காமல் விடுவதும் அதில் அடங்கியிருக்கும். அவற்றைக் குழு பார்ப்பதே உங்களுக்கும் பாதுகாப்பு. எந்த மாட்டில், எத்தனை முறை, எவ்வளவு இரத்தம், சினை மாடு சேர்க்கப்படுமா, ஏதேனும் நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பவற்றைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். அந்தத் தாளின் நகல் விண்ணப்பத்துடன் இணைந்திருந்தால் குழுவின் வேலையும் எளிதாகும்.

கேள்வி: அனுமதி வருமுன் ஐந்தாறு எலிகளில் முன்னோட்டம் பார்க்கலாமா? அனுமதி வந்த பின் மயக்க மருந்தை மாற்றலாமா?
– முனைவர் பட்ட மாணவர், சிதம்பரம்

பதில்: முன்னோட்டமும் சோதனைதான், அனுமதிக்கு முன் ஒரே ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. பின்தேதியிட்டு அனுமதி பெறுவது என்பது கிடையாது; ஆய்விதழ்களும் அனுமதி எண்ணைக் கேட்கின்றன. எனவே முன்னோட்டத்தையும் முதல் விண்ணப்பத்திலேயே ஒரு கட்டமாகச் சேருங்கள். மயக்க மருந்தை மாற்றுவதற்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் பயன்படுத்தக்கூடிய இரண்டு மருந்துகளையும் அவற்றின் அளவுகளையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், ஒன்று கடையில் கிடைக்காத நாளில் இன்னொரு கூட்டத்திற்காகக் காத்திருக்க நேராது.