பொண்ணு 'ஆர்மி'ல சேர்ந்துட்டாளா? போனை புடுங்கறதுக்கு முன்னாடி இத படிங்க

திண்டுக்கல்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. ரூம் சுவரு பூரா கொரியா பசங்க போட்டோ, ராத்திரி 2 மணி வரைக்கும் போனு, கேட்டா "நான் ஆர்மி"ங்கறா, "கம்பேக் டேட் வந்துருச்சு"ன்னு உக்காந்து அழறா, நாலு மாசம் முன்னாடி மும்பைல யாரோ முகம் தெரியாத ஆளுக்கு ஜிபேல 1,800 ரூபா அனுப்பியிருக்கா, பொருள் இன்னும் வரல, அத கேட்டா "அது ஜிஓ மா, உனக்கு புரியாது"ன்னு கதவ சாத்திக்கிறா. இது என்ன மாதிரி கூட்டம், போனை வாங்கி வச்சுடவா?

அக்கா, ஆர்மிங்கறது பிடிஎஸ்னு ஒரு கொரியா குரூப்போட ரசிகர்களுக்கு பேரு, அவ்ளோதான். 7 பசங்க, 2013 ஜூன்ல வந்தாங்க, அதே வருஷம் ரசிகர்களுக்கு இந்த பேர வச்சாச்சு, அங்க ஒவ்வொரு குரூப்புக்கும் இப்படி ஒரு ரசிகர் பேரு உண்டு. கம்பேக்னா எங்கயோ ஓடிப்போனவங்க திரும்பி வர்றது இல்ல, புது பாட்டு, புது ஆல்பம் வந்தாலே கம்பேக் தான். பயஸ்னு சொன்னா 7 பேர்ல அவளுக்கு ரொம்ப புடிச்ச ஆளு. இந்த மூணு வார்த்தை தெரிஞ்சா பாதி கதவு திறந்த மாதிரி.

நாம தப்பு பண்ற இடம் எதுன்னா, ரசிகைன்னா பாட்டு கேப்பா, போட்டோ ஒட்டுவான்னு மட்டும் நினைச்சுக்கறோம். அங்க ரசிகைன்னா வேலை அக்கா, சம்பளம் இல்லாத வேலை. நம்ம ஊரு மன்றத்துல போஸ்டர் ஒட்ட ஒருத்தன், கட்அவுட்டுக்கு காசு பிரிக்க ஒருத்தன், பொறந்தநாளுக்கு ரத்ததான முகாம் நடத்த ஒருத்தன்னு இருப்பான்ல, அதே தான், ஆனா இங்க தலைவர் செயலாளர் ஒன்றியம் எதுவும் கிடையாது, எல்லாம் போன்லயே நடக்கும். (தலைவரே இல்லாத ரசிகர் கூட்டம் நமக்கும் புதுசு இல்ல, அஜித் 2011-லயே மன்றத்தை கலைச்சுட்டாரு, ரசிகன் எங்கயாச்சும் போனானா?) கொரியன்ல பேசுன லைவ்வ உடனுக்குடன் மொழிபெயர்க்க ஒரு கூட்டம், விருதுக்கு ஓட்டு போட ஒரு கூட்டம், வியூஸ் ஏத்த ஒரு கூட்டம், ஒரே வீடியோவ லூப்ல விடாத, மியூட் பண்ணாதன்னு அதுக்கு தனி ரூல்ஸ் வேற. 2020 ஆகஸ்ட்ல வந்த ஒரு பாட்டுக்கு 24 மணி நேரத்துல யூடியூப்ல 10 கோடி வியூஸ் தாண்டுச்சுன்னா அது தானா தாண்டல. அதே வருஷம் ஜூன்ல பிடிஎஸ் அமெரிக்கால கருப்பின மக்கள் போராட்டத்துக்கு 10 லட்சம் டாலர் குடுத்தாங்க, செய்தி வெளிய வந்து கிட்டத்தட்ட ஒரே நாள்ல ரசிகர்கள் அதே அளவு காசு பிரிச்சு குடுத்துட்டாங்க. அதனால "ஏன்டி இவனுங்கள புடிக்குது"ன்னு கேக்காதீங்க, "இதுல நீ என்ன வேலை பாக்குற"ன்னு கேளுங்க, பதில் நீளமா வரும்.

இப்ப அந்த 1,800 ரூபா. ஜிஓன்னா குரூப் ஆர்டர். கொரியால இருந்து ஒரே ஒரு ஆல்பம் வரவழைச்சா கூரியரும் கஸ்டம்ஸும் சேந்து ஆல்பம் விலையையே தாண்டிடும், அதனால ஒருத்தங்க முப்பது நாப்பது பேருக்கு மொத்தமா ஆர்டர் போட்டு, தன் வீட்டுக்கு பார்சல வரவழைச்சு, பிரிச்சு ஆளாளுக்கு அனுப்புவாங்க. நம்ம தீபாவளி சீட்டு மாதிரி, நம்பிக்கைல ஓடுறது. காசு தவணையா கேப்பாங்க, முதல்ல பொருளுக்கு, அப்புறம் கப்பல் இல்லன்னா விமான செலவுக்கு, கடைசில உள்ளூர் கூரியருக்கு. அதனால நாலு மாசம் ஆனதால மட்டுமே ஏமாத்துன்னு சொல்ல முடியாது, இதுல தாமதம் சகஜம். ஆனா ஏமாத்துறவங்களும் நெறைய. பொண்ணோட பக்கத்துல உக்காந்து பாருங்க: அந்த ஆளு முன்னாடி வாங்குனவங்க போட்ட படங்கள காட்டுறாங்களா, யாரு எவ்ளோ கட்டுனாங்கன்னு ஷீட் இருக்கா, கொரியா கடை பில்லு இருக்கா, கேள்வி கேட்டா பதில் வருதா இல்ல பிளாக் பண்றாங்களா. பிளாக் பண்ணிட்டாங்கன்னா ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சுட்டு 1930-க்கு (சைபர் கிரைம் புகார் நம்பர்) போன் போட்டு புகார் குடுத்துடுங்க, சின்ன காசு தானேன்னு விடாதீங்க.

ஒரே ஆல்பத்த ரெண்டு மூணு ஏன் வாங்குறான்னு அடுத்து கேப்பீங்க. உள்ள ஒரு போட்டோகார்டு வரும், 7 பேர்ல யாருன்னு பிரிச்சா தான் தெரியும். அவளோட பயஸ் வரலன்னா வேற பொண்ணுகிட்ட மாத்திக்கணும், இல்ல இன்னொன்னு வாங்கணும். நாம பபிள்கம்ல கிரிக்கெட் கார்டு சேத்தோமே, அதே வியாபார புத்தி தான், தொகை தான் பெருசு. மாசம் இவ்ளோன்னு ஒரு அளவு வச்சு அவ கையிலயே குடுத்துடுங்க, மொத்தமா தடை போட்டா உங்களுக்கு தெரியாம வாங்குவா.

அந்த ராத்திரி 2 மணி தான் எனக்கு நெருடுது. கொரியா நம்மள விட மூணரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அங்க நடுராத்திரி 12-ன்னா இங்க ராத்திரி 8:30, அங்க சாயங்காலம் 6-க்கு பாட்டு விட்டா இங்க மதியம் 2:30. நம்ம 2 மணிக்கு அங்க விடிகாலை 5:30, அந்த 7 பேரும் தூங்கிட்டு இருப்பாங்க! அப்ப அவ முழிச்சிருக்கறது பெரும்பாலும் அவங்களுக்காக இல்ல, பிரேசில்லயோ அமெரிக்காலயோ இருக்கற ஃப்ரெண்ட்ஸுக்காக, இல்ல வேற ரசிகர் கூட்டத்தோட சண்டைக்காக, இல்ல ஃபிக் படிக்கறதுக்காக. ஃபிக்னா ரசிகர்களே எழுதுற கதை, பாதி அழகான கதைங்க, பாதி பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டே வர்றது, சில தளத்துல எந்த வயசுக்காரங்க படிக்கலாம்னு கதைக்கு மேலயே ரேட்டிங் இருக்கும். அவ முன்னாடி போய் தோண்டாதீங்க, ரேட்டிங்னா என்னன்னு அவளுக்கு தெரியுமான்னு மட்டும் கேளுங்க. கேள்வி கேக்க வேண்டிய ஆளு அந்த கொரியா பையன் இல்ல, டைரக்ட் மெசேஜ்ல பேசுறது யாரு, வயசு என்ன, ஸ்கூல் பேரு வீட்டு அட்ரஸ் கேட்டாங்களாங்கறது தான்.

2024 ஜனவரில கரூர் மாவட்டத்துல மூணு ஸ்கூல் பொண்ணுங்க பிடிஎஸ்ஸ பாக்க கப்பல்ல கொரியா போயிடலாம்னு கையில கொஞ்சம் காசோட கிளம்பி, காட்பாடி ஸ்டேஷன்ல வச்சு மீட்டாங்க, நீங்களும் நியூஸ்ல பாத்திருப்பீங்க, உங்க பயம் எனக்கு புரியுது. ஆனா உங்க பொண்ணு "உனக்கு புரியாது மா"ன்னு தான் சொல்றா, "உனக்கு சம்பந்தம் இல்ல"ன்னு சொல்லல பாருங்க. போனை புடுங்கினா அந்த ரெண்டாவது வார்த்தை வந்துடும். போன் ராத்திரி 11-க்கு ஹால்ல சார்ஜ்ல இருக்கணும், உங்க போனும் சேத்து, அது போதும்.

கடைசில ஒரு வரி எழுதியிருந்தீங்க, 'ஆர்மி பாம்' வாங்கித்தான்னு அடம் புடிக்கிறா, அது என்ன பாம்னு. வெடிக்காது அக்கா. லைட்ஸ்டிக்னு சொல்லுவாங்க, கச்சேரில ப்ளூடூத்ல கனெக்ட் ஆகி மொத்த ஸ்டேடியமும் ஒரே நேரத்துல கலர் மாறும், பாக்கவே அவ்ளோ நல்லா இருக்கும். கச்சேரிக்கு போகாதவங்க வீட்ல அது வெறும் கலர் லைட்டு, விலையும் ஜாஸ்தி. இத நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.