பக்கத்துப் பண்ணைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோவிட் நிவாரணம்?

கேள்வி: அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் சூ கவுன்டியில் வசிக்கிறோம். கோவிட் காலத்தில் இங்குள்ள பண்ணைகளுக்கு அரசு கொடுத்த பணத்தின் பட்டியலைப் பார்த்தேன். ஒரு பண்ணைக்கு 2,50,000 டாலர். எங்களுக்குப் பழக்கமான, பன்றிக் கொட்டகை நடத்தும் குடும்பத்தின் பெயரோ 2020 கணக்கில் இல்லவே இல்லை. இது முறைகேடா?

பதில்: முறைகேடாக இருக்க வேண்டியதில்லை. அந்த 2,50,000 என்பது ஒரு நபருக்கு அரசு வைத்த உச்சவரம்பு.

2020 ஏப்ரலில் அமெரிக்க வேளாண்மைத் துறை கொரோனா உணவு உதவித் திட்டத்தை அறிவித்தது. விவசாயிகளுக்கு நேரடியாக 1,600 கோடி டாலர். செப்டம்பரில் இரண்டாம் சுற்று, 1,400 கோடி வரை. யார் எவ்வளவு நொடிந்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்துக் கொடுத்த பணமில்லை இது. தலைக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்குதான். கையிருப்பில் இருந்த பன்றிக்கு முதல் சுற்றில் தலைக்கு 17 டாலர், இரண்டாவதில் 23. உங்கள் பக்கம் சாதாரணமாகக் காணப்படும், 2,400 பன்றிகள் கொள்ளும் கொட்டகை ஒன்றுக்கு இரண்டு சுற்றும் சேர்ந்தால் 96,000 டாலர். 11,000 பன்றி இருந்தால் இரண்டாம் சுற்றில் மட்டுமே வரம்பைத் தொட்டுவிடும். பண்ணை கம்பெனியாகப் பதிவாகி, மூன்று பங்குதாரர்கள் தலா 400 மணி நேரம் அதில் உழைத்திருந்தால் வரம்பு 7,50,000 வரை போகும்.

சரி, உங்கள் நண்பர்களுக்கு ஏன் ஒன்றும் வரவில்லை? அவர்கள் ஒப்பந்த வளர்ப்பாளர்களாக இருக்கலாம். கொட்டகையும் உழைப்பும் அவர்களுடையது, பன்றி வேறொருவருடையது. நிவாரணம் விலைச் சரிவின் நஷ்டத்தைச் சுமந்த உரிமையாளருக்கே போனது. ஆனால் அந்த ஏப்ரலில் சூ ஃபால்ஸில் ஸ்மித்ஃபீல்டு, வொர்திங்டனில் ஜேபிஎஸ் என்று சுற்றுவட்டார இறைச்சி ஆலைகள் அடுத்தடுத்து மூடின. அதனால் அடுத்த குட்டிகள் வராமல் கொட்டகை காலியாகக் கிடந்தால், அந்த நஷ்டம் வளர்ப்பவர் தலையில்தான். கொட்டகைக் கடனுக்கான தவணை அதற்காக நிற்காது. இவர்களை 2020இல் விட்டது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு டிசம்பரில்தான் நாடாளுமன்றம் ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கு 100 கோடி டாலர் வரை ஒதுக்க வழி செய்தது. 2018 அல்லது 2019 வருமானத்தைவிட 2020இல் எவ்வளவு குறைந்ததோ, அதில் 80 சதவீதம் வரை கொடுத்தார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2021 அக்டோபர் 12 ஆக இருந்தது. எனவே அந்தப் பெயரை 2021, 2022 கணக்குகளில் தேடிப் பாருங்கள்.

பட்டியலைப் படிக்கும்போது கவுன்டி பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பண்ணையின் கோப்பு எந்தக் கவுன்டி அலுவலகத்தில் இருக்கிறதோ அந்தப் பெயரில்தான் கணக்கு வரும். நிலமோ மாடோ பக்கத்துக் கவுன்டியில் இருக்கலாம். அப்புறம், பிபிபி கடன் (கோவிட் காலத்தில் ஊழியர் சம்பளத்துக்காகத் தொழில்களுக்குக் கொடுத்தது) முற்றிலும் வேறு. அது சிறுதொழில் நிர்வாகத்தின் திட்டம், பட்டியலும் தனி. வேளாண்மைத் துறைப் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

முறைகேட்டுக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனை பன்றி என்பதை விவசாயியே எழுதிக் கையெழுத்திட்டார், அதிகாரிகள் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துச் சரிபார்த்தார்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் அயோவா இயற்கை வளத் துறையின் இணையப் பதிவேட்டைப் பாருங்கள். பெரிய கொட்டகைகளின் கொள்ளளவு அதில் இருக்கும். ஆனால் ஒரே உரிமையாளரின் பன்றிகள் பலருடைய கொட்டகைகளில் வளரலாம் என்பதால் அவர் பெயரிலுள்ள ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்குப் பிறகும் கணக்கு உதைத்தால், வேளாண்மைத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.